பட்டறை டிராயிங்குகளுக்கு ‘எவ்ரிதிங்’ போதுமா?

2004-ல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானபோது ஓசூரும் அதன் பெரிய ஆலைகளும் அந்தப் பக்கம் போய்விட்டன. தருமபுரியில் தங்கியவை பெரும்பாலும் சிறு, குறு நிறுவனங்கள்தான்: உதிரிபாகம் கடைந்து தரும் லேத் பட்டறைகள், ஃபேப்ரிகேஷன் கூடங்கள், கிரானைட் அறுக்கும் ஆலைகள். பாலக்கோட்டிலும் கோபாலபுரத்திலும் இருப்பவை போன்ற கூட்டுறவு சர்க்கரை ஆலைகளையும் சேர்த்துக்கொள்ளலாம். இவை எல்லாவற்றுக்கும் அடிப்படைச் சொத்து டிராயிங். ஆனால் இந்த அளவிலான நிறுவனங்களில் ஒரு டிராயிங் எங்கே இருக்கிறது என்று கேட்டால் பெரும்பாலும் ஓர் ஆளின் பெயர்தான் பதிலாக வரும். அவர் விடுப்பில் போனால் வேலை நிற்கும்; வேலையை விட்டுப் போனால் பாகத்தைத் திரும்ப அளந்து, திரும்ப வரைய வேண்டும். இந்த நிலையை மாற்ற லட்சக்கணக்கில் செலவழித்து டிராயிங் மேலாண்மை மென்பொருள் வாங்க வேண்டுமா, இலவசமாகக் கிடைக்கும் ‘எவ்ரிதிங்’ போதுமா? சில வாரப் பயன்பாட்டுக்குப் பிறகு என் கணிப்பு: போதும். அது போதுவதற்கான காரணம், எல்லோரும் அதன் பெருங்குறை என்று சொல்லும் ஒரு குணம்தான்.

எவ்ரிதிங், வாய்ட்டூல்ஸ் வெளியிடும் விண்டோஸ் தேடல் கருவி. நிலைத்த பதிப்பான 1.4-ஐப் பற்றியே இங்கு எழுதுகிறேன். அதன் வேகத்தைப் பலரும் புகழ்ந்தாயிற்று, அதற்குக் காரணமும் எளியது. ஹார்டு டிஸ்கை என்டிஎஃப்எஸ் முறையில் ஃபார்மேட் செய்திருந்தால், அதிலுள்ள எல்லாக் கோப்புகளின் பெயர்களும் ஒரே அட்டவணையில் ஏற்கெனவே பதிவாகியிருக்கும். எவ்ரிதிங் ஒவ்வொரு ஃபோல்டராக ஏறி இறங்காமல் அந்த அட்டவணையையே படித்துக்கொள்கிறது. அதனால் பத்து லட்சம் கோப்புகளுக்கும் ஒரு நிமிடத்தில் பட்டியல் தயாராகிவிடும். பிறகு எழுத்தைத் தட்டத் தட்ட விடை சுருங்கிக்கொண்டே வரும். ஒரு கோப்பின் பெயரை மாற்றினால் அடுத்த நொடி அது பட்டியலிலும் மாறியிருக்கும். இணைய இணைப்பு வேண்டாம், பழைய கணினியே போதும். பென்னாகரத்திலோ அரூரிலோ இருக்கும் ஒரு பட்டறைக்கு இந்த இரண்டும் சின்ன விஷயமல்ல.

இனி அந்தக் குணத்துக்கு வருவோம். எவ்ரிதிங் கோப்பின் பெயரைத்தான் பார்க்கும். டிராயிங்குக்குள் என்ன இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. உள்ளடக்கத்தைத் தேடவும் ஒரு கட்டளை உண்டு, ஆனால் அது ஒவ்வொரு கோப்பாகத் திறந்து படிப்பதால் மெதுவாகவே நகரும். ஸ்கேன் செய்த படத்தில் அதற்கு எழுத்தே கிடைக்காது. ‘ஸ்கேன்0047’ என்றோ ‘ஃபைனல் நியூ 2’ என்றோ பெயர் வைத்த டிராயிங் அதனிடம் தொலைந்துபோனதற்குச் சமம். அதே டிராயிங்குக்கு 1207-03, ஆர்2, பம்ப் ஷாஃப்ட், இஎன்8 என்ற நான்கையும் கீழ்க்கோட்டால் இணைத்துப் பெயர் வைத்துப் பாருங்கள். ‘ஷாஃப்ட் இஎன்8’ என்று இடைவெளி விட்டுத் தட்டினால் இரண்டு சொல்லும் உள்ள கோப்புகள் மட்டும் நிற்கும். அதன் பின்னால் ஆச்சரியக்குறியோடு ‘பம்ப்’ என்று சேர்த்தால் பம்ப் ஷாஃப்டுகள் எல்லாம் விலகிவிடும். பெயரில் இருக்கும் தகவல் டிராயிங்கின் கீழ் வலது மூலையிலுள்ள டைட்டில் பிளாக்கில் இருப்பதுதான்: எண், ரிவிஷன், தலைப்பு, மெட்டீரியல். டைட்டில் பிளாக்கைக் கோப்பின் பெயராக எழுதிவிட்டால் ஆவணக் காப்பகம் முடிந்தது. எழுதாவிட்டால் எந்த மென்பொருளும் அதை முழுமையாக ஈடுகட்டாது.

இதற்குச் சான்று தேடி வெளிநாடு போக வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் பொதுமக்கள் மிக எளிதாகத் தேடி எடுக்கும் வரைபடம் நிலத்தின் எஃப்எம்பி என்னும் புலப்படம். அரசின் இ-சர்வீசஸ் தளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண், உட்பிரிவு ஆகியவற்றைக் கொடுத்தால் பட்டாவும் புலப்படமும் வந்து நிற்கின்றன. அந்தத் தளம் புலப்படத்திலுள்ள கோடுகளைப் புரிந்துகொண்டு தேடுவதில்லை. ஒவ்வொரு புலத்துக்கும் குழப்பமற்ற ஓர் எண் முகவரி இருப்பதை நம்பியே தேடுகிறது. அந்த எண்ணை இட்டவர்கள் கணினியைக் கனவிலும் கண்டிராத காலத்து நில அளவையாளர்கள். காகிதத்தில் எண் முறை ஒழுங்காக இருந்ததால்தான் பின்னால் வந்த மென்பொருள் அதன் மேல் ஏறி உட்கார முடிந்தது. தொழிற்சாலை டிராயிங்குக்கும் இதே வரிசைதான் பொருந்தும்: முதலில் எண், பிறகு மென்பொருள்.

எழுத்துணரி மென்பொருள் இருக்கும்போது கையால் ஏன் பெயர் வைக்க வேண்டும் என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். டெசராக்ட் இலவசமாகக் கிடைக்கிறது, பேப்பர்லெஸ்-என்ஜிஎக்ஸ் அதைப் பயன்படுத்தி முழு ஆவணக் காப்பகமே நடத்துகிறது. இன்வாய்ஸுக்கும் கடிதத்துக்கும் இவை அருமையானவை. ஆனால் இன்வாய்ஸில் எழுத்து வரிவரியாக ஓடுகிறது. டிராயிங்கில் அது கோடுகளுக்கு நடுவே சிதறிக் கிடக்கிறது. சில அளவுகள் தொண்ணூறு டிகிரி திரும்பி நிற்கும், விட்டத்தின் குறி பூஜ்யமாகப் படிக்கப்படும், பழைய தாள்களில் எல்லாமே கையெழுத்து. அம்மோனியா பிரிண்ட் வெளிச்சம் பட்டு மங்கியிருந்தால் நிலைமை இன்னும் மோசம். பத்தில் எட்டை மட்டும் கண்டுபிடிக்கும் தேடல், கிடைக்காத இரண்டும் இல்லவே இல்லை என்று நம்ப வைத்துவிடும். கடிதத்தில் அது சிறு இழப்பு. டிராயிங்கில் அது இருக்கும் பாகத்தையே திரும்ப வரைய வைக்கும். எழுத்துணரியைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம், அடித்தளமாக வைக்க முடியாது.

எவ்ரிதிங்கிடம் எரிச்சலூட்டும் விஷயங்களும் உண்டு. எழுத்துப் பிழையை அது மன்னிக்காது. ஃபிளேஞ்சை ஒருவர் ஒரு மாதிரியும் இன்னொருவர் வேறு மாதிரியும் எழுதினால் இரண்டும் தனித்தனிப் பொருளாகிவிடும். தமிழில் பெயர் வைத்தாலும் தேடித் தரும், ஆனால் ஷாஃப்ட், பேரிங் போன்ற சொற்களை ஆளுக்கொரு விதமாக எழுதும் வழக்கம் இருப்பதால் ஒரே எழுத்துமுறையை உறுதிசெய்யும் சொற்பட்டியல் கட்டாயம் தேவை. எண்களிலும் கவனம் வேண்டும். ‘7’ என்று தேடினால் 17, 70, 2007 எல்லாம் வந்து குவியும்; அதனால் வரிசை எண்ணை எப்போதும் நான்கு இலக்கத்தில், முன்னால் பூஜ்யம் இட்டு எழுதுங்கள். நம் ஊர் டிராயிங் எண்களில் சாய்கோடு போடும் பழக்கம் ஊறிப்போயிருக்கிறது, விண்டோஸோ கோப்பின் பெயரில் அதை ஏற்காது. சாய்கோட்டுக்குப் பதில் சிறுகோடு என்று முதல் நாளே முடிவு செய்யாவிட்டால் ஒருவர் கீழ்க்கோடும் மற்றவர் இடைவெளியும் போட்டுத் தேடலைக் கெடுத்துவிடுவார்கள்.

எல்லாவற்றையும் விடக் கடுமையான ஆட்சேபம் ரிவிஷன் பற்றியது. தேடலில் ஆர்1, ஆர்2 இரண்டும் அடுத்தடுத்து வந்தால், அவசரத்தில் இருக்கும் டர்னர் பழையதைத் திறந்து ஒரு லாட்டையே கடைந்துவிடலாம். விலையுயர்ந்த மென்பொருள்கள் பழைய ரிவிஷனைத் தாமே பூட்டிவிடும், எவ்ரிதிங் அப்படிச் செய்யாது. ஆனால் குறிப்பிட்ட ஃபோல்டரைப் பட்டியலிலிருந்து விலக்கும் வசதி அதில் இருக்கிறது. ஒப்புதல் பெற்ற ரிவிஷன் மட்டும் முதன்மை ஃபோல்டரில் இருக்கட்டும். புதியது வந்த அன்றே பழையது விலக்கப்பட்ட ஃபோல்டருக்குப் போகட்டும். அதன் பிறகு பட்டறைத் தளத்துக் கணினியில் பழையது தேடலுக்கே வராது. இந்த இடமாற்றத்தை ஒரே ஆள் மட்டும் செய்ய வேண்டும், மற்றவர்களுக்குப் படிக்கும் உரிமை மட்டும் போதும். வாகன நிறுவனங்களுக்குச் சப்ளை செய்பவர்களுக்கு இந்த ஒழுங்கு தவிர்க்க முடியாதது. வாடிக்கையாளரின் பொறியியல் விவர மாற்றத்தை 10 வேலைநாட்களுக்குள் பரிசீலிக்கச் சொல்கிறது ஐஏடிஎஃப் 16949 தரநிலை. பாகம் உற்பத்தியிலும் சர்வீஸிலும் இருக்கும் காலம் முழுவதற்கும், அதற்கு மேல் ஒரு காலண்டர் ஆண்டுக்கும் வடிவமைப்புப் பதிவுகளை வைத்திருக்கவும் சொல்கிறது. எந்த மென்பொருளில் என்று அது கேட்பதில்லை.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. எவ்ரிதிங்கில் உள்ள எச்டிடிபி சர்வரை இயக்கினால் அதே நெட்வொர்க்கிலுள்ள மொபைலிலிருந்தும் டிராயிங்கைத் தேடலாம். மெஷின் பக்கத்தில் நின்றபடியே பார்க்க முடிகிற அருமையான வசதி. ஆனால் பட்டியலில் உள்ள எந்தக் கோப்பையும் அதன் வழியே டவுன்லோட் செய்துவிடலாம் என்பதையும் இந்த மென்பொருள் இன்னும் உரக்கச் சொல்ல வேண்டும். சம்பளப் பட்டியலும் வங்கி விவரமும் இருக்கும் அலுவலகக் கணினியில் இதை இயக்கவே கூடாது. டிராயிங்குக்கென்று தனிக் கணினி, டிராயிங் ஃபோல்டர் மட்டும் உள்ள பட்டியல், பயனர் பெயர், கடவுச்சொல் ஆகியவற்றுக்குப் பிறகே சர்வர். எவ்ரிதிங் பேக்கப்பும் அல்ல. வேறொரு கட்டடத்தில் இரண்டாவது பிரதி இருந்தே ஆக வேண்டும். டிடபிள்யூஜி கோப்போடு அதே பெயரில் பிடிஎஃப் ஒன்றையும் வையுங்கள். ஆட்டோகேட் பதிப்பு மாறினாலும் டிராயிங்கைப் பார்ப்பதற்காவது அது உதவும்.

ஆயிரக்கணக்கான கோப்புகளுக்கு யார் பெயர் மாற்றுவது என்ற கேள்வி மிஞ்சுகிறது. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றத் தேவையில்லை. இன்று மெஷினுக்குப் போகும் டிராயிங்குக்கு இன்றே சரியான பெயர், பழையது மீண்டும் வெளியே எடுக்கப்படும் நாளில் அதற்கும் சரியான பெயர். அடிக்கடி தேவைப்படுபவை சில மாதங்களில் தாமாகவே ஒழுங்காகிவிடும். விலை கொடுத்து வாங்கும் மென்பொருளிலும் இந்தத் தகவல்களை யாரோ ஒருவர் தட்டச்சு செய்தாகத்தான் வேண்டும். விற்பனைக்கு வருபவர்கள் அதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். பல ஊர்களில் கிளை, ஒரே மாடலில் பல வடிவமைப்பாளர்கள் என்று விரிந்த நிறுவனத்துக்கு எவ்ரிதிங் போதாது, அவர்கள் முழுமையான அமைப்பையே வாங்கட்டும். ஒரு கூரையின் கீழ் இயங்கும் பட்டறைக்கு என் பரிந்துரை எவ்ரிதிங்தான். நிறுவுவதற்கு முன் எண் முறை, பெயர் வைக்கும் வரிசை, சொற்பட்டியல், ரிவிஷனை மாற்றும் ஒருவரின் பொறுப்பு ஆகிய நான்கையும் ஒரே தாளில் எழுதி, முதலாளி கையெழுத்திட்டுச் சுவரில் ஒட்டுங்கள். அந்தத் தாள் இல்லாமல் எந்த மென்பொருளையும் வாங்காதீர்கள்.