தரவுத் தொடர்பியல் கலைச்சொற்கள்: திருத்தணி எல்லைப்புற நோக்கில் ஒரு திறனாய்வு

முன்னுரை

கலைச்சொல்லின் தகுதி, அகராதியில் இடம்பெறுவதால் மட்டும் உறுதிப்படுவதில்லை. கருத்தைப் பிறழாமல் உணர்த்துவதாலும் கிளைச்சொற்களை ஈனுவதாலுமே உறுதிப்படுகிறது. 1960 ஏப்ரல் 1 அன்று ஆந்திரத்திலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு இணைந்த திருத்தணியில் தமிழும் தெலுங்கும் அருகருகே வழங்குகின்றன. அத்தகைய எல்லைப்புறச் சூழலை மனங்கொண்டு, தரவுத் தொடர்பியலின் அடிப்படைச் சொற்கள் சிலவற்றை இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

இணையமும் அந்தர்ஜாலமும்

இன்டர்நெட் என்பதைத் தெலுங்கு 'அந்தர்ஜாலம்' என வழங்குகிறது. மூலச்சொல்லின் உறுப்புகளை ஒவ்வொன்றாகப் பெயர்த்த ஆக்கம் இது. தமிழின் 'இணையம்' உறுப்புகளை விடுத்து, வலையமைப்புகள் ஒன்றோடொன்று இணையும் தொழிலைப் பற்றி நிற்கிறது. இணையவழி, இணையதளம் என அது எளிதில் கிளைத்தமைக்கு இதுவே காரணம். நெட்வொர்க் என்பதற்கோ வலையமைப்பு, வலைப்பின்னல், பிணையம் என மூன்று சொற்கள் வழங்குகின்றன. இவற்றுள் 'பிணையம்' நீதிமன்றத்திலும் வங்கியிலும் ஈட்டுறுதியைக் குறிப்பது. ஆகவே பொருள்மயக்கமற்ற 'வலையமைப்பு' ஏற்புடையது.

பொதியும் பொட்டலமும்

தரவைச் சிறு கூறுகளாக்கி அனுப்பும் முறைக்கு 1960களில் 'பாக்கெட்' என்னும் சொல்லைத் தேர்ந்தவர் பிரித்தானிய அறிஞர் டொனால்ட் டேவிஸ். சிறு கட்டு என்பதே அவர் கருதிய பொருள். தமிழில் 'பொதி' மாட்டின் மேலேற்றும் பெருஞ்சுமையை நினைவூட்டுவதால், அளவு நோக்கில் 'பொட்டலம்' பொருத்தமாகத் தோன்றும். எனினும் 'பொதிதல்' என்னும் வினைக்கு உள்ளடக்கி மூடுதல் என்னும் பொருள் உண்டு. தரவு ஒவ்வோர் அடுக்கிலும் புதிய தலைப்பகுதியால் மூடப்படும் செயலை அவ்வினை துல்லியமாக உணர்த்துகிறது. வினையடி இல்லாத பொட்டலத்திற்கு இவ்வாற்றல் இல்லை.

அலைக்கற்றைச் சிக்கல்

மிகக் கடுமையான குறை 'அலைக்கற்றை'யில் உள்ளது. நாளிதழ்கள் ஏலத்திற்குரிய ஸ்பெக்ட்ரத்தை இச்சொல்லால் குறிக்கின்றன. பேண்ட்வித் என்பதற்கும், நொடிக்கு இத்தனை பிட் என்னும் தரவு வீதத்திற்கும் இதையே ஆள்வோரும் உளர். ஷானன் 1948இல் வெளியிட்ட தேற்றத்தின்படி, 3,100 ஹெர்ட்ஸ் அகலமும் 30 டெசிபெல் சைகை–இரைச்சல் விகிதமும் உடைய தடத்தின் உச்சக் கொள்ளளவு நொடிக்கு ஏறத்தாழ 30,900 பிட். அகலம் வேறு, கொள்ளளவு வேறு என்பதே இத்தேற்றத்தின் உயிர்நிலை. இரண்டையும் ஒரே சொல்லால் கற்ற மாணவர்க்கு இச்சமன்பாடு பொருளற்றதாகிவிடும். ஸ்பெக்ட்ரத்திற்கு 'அலைக்கற்றை', பேண்ட்வித்துக்குப் 'பட்டையகலம்', வேகத்திற்குத் 'தரவு வீதம்' என வரையறுத்தல் இன்றியமையாதது.

முடிவுரை

வீட்டில் தெலுங்கு, பள்ளியில் தமிழ், உயர்கல்வியில் ஆங்கிலம் எனப் பயிலும் எல்லைப்புற மாணவர், ஒரே கருத்தை மும்முறை பெயர் மாற்றிக் கற்க நேர்கிறது. இடைப்பட்ட தமிழ்ச்சொல் மயங்கினால் கருத்தின் தொடர்ச்சியே அறுபடும். எனவே புதுச்சொல் படைப்பதினும், வழக்கிலுள்ளவற்றுள் ஒரு கருத்துக்கு ஒரு சொல்லை வரையறுத்துப் பாடநூல்களில் மாறாது ஆள்வதே முதற்பணியாதல் வேண்டும்.