பர்மியப் பிக்குகளும் ‘துறவி’ என்னும் பெயர்ப்பும்

காலனிய ஆட்சியை எதிர்த்த பர்மியப் பிக்குகளைத் ‘துறவிகள்’ எனத் தமிழில் பெயர்க்கும்போது பொருள் திரிகிறது. உலகைத் துறந்தவர் என்னும் பொருளே இச்சொல்லில் மேலோங்குவதால், ஆங்கில ஆட்சிக்கு எதிராகப் பேசி 1921இல் சிறைசென்ற ஊ ஒத்தமா நெறி பிறழ்ந்தவராகத் தோன்றுகிறார். (‘ஊ’ மதிப்பு முன்னொட்டு, அதைத் தலைப்பெழுத்தாக்கிப் புள்ளியிடுவது தவறு.) ஊ விசாராவைப் பொறுத்தவரை இழப்பு இன்னும் பெரிது. துவராடை உடுத்தும் உரிமை கேட்டு இரங்கூன் சிறையில் ஐந்து மாதங்களுக்கு மேல் உண்ணாநோன்பிருந்து, 1929 செப்டம்பரில் அவர் உயிர்நீத்தார். எல்லாம் துறந்தவருக்கு ஆடையில் என்ன பற்று எனத் தமிழ் வாசகர் மயங்கக்கூடும். பிக்குவுக்கு அது உடைமையன்று. சங்கத்தில் அவர் நிற்கும் நிலை. அதைக் களைந்த சிறைவிதி அவரைச் சங்கத்திற்குப் புறம்பானவராக்கியது. பாலியில் ‘பிக்கு’ என்பதன் பொருளோ இரந்துண்பவர். நாள்தோறும் சோறிட்ட ஊராரோடு அவரைப் பிணைத்த அவ்வுறவு ‘துறவி’யில் அறுபட்டுப் போகிறது.