முதல் டி.எஸ்.எல்.ஆர்.: பாடிக்கு எவ்வளவு, லென்ஸுக்கு எவ்வளவு?

கேமராக் கடைக்குள் நுழையும் புதியவர் முதலில் கேட்பது, “இதில் எத்தனை மெகாபிக்சல்?” என்பதுதான். கேனன் 1500டி-யில் 24.1. அதைவிட விலை கூடிய கேனன் 200டி மார்க் 2-லும் அதே 24.1. நிக்கான் டி3500-இல் 24.2. ஏறத்தாழ 6000-க்கு 4000 புள்ளிகள் கொண்ட அந்தப் படத்தை அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் அச்சிட்டால் 20 அங்குல அகலமும் 13 அங்குலத்துக்குச் சற்று மேலான உயரமும் வரும். ஏ3 தாளைவிடப் பெரிய படம். கூடத்துச் சுவரில் மாட்ட இது தாராளம். ஆகவே மெகாபிக்சல் கேள்வியைக் கடை வாசலிலேயே விட்டுவிடலாம்.

கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. கையில் எப்படி நிற்கிறது? மங்கிய வெளிச்சத்தில் என்ன செய்கிறது? அடுத்த லென்ஸ் என்ன விலைக்குக் கிடைக்கும்? பிற்பாடு ஒரு ஃபிளாஷ் வாங்கினால் அது எரியுமா?

இன்னொன்றையும் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். டி.எஸ்.எல்.ஆர். வளர்ச்சி ஓய்ந்துவிட்ட தொழில்நுட்பம். 2018-இல் கேனன் ஆர்.எஃப். மவுண்டையும் நிக்கான் இஸட் மவுண்டையும் கொண்டுவந்து கண்ணாடியில்லா மிரர்லெஸ் கேமராக்களுக்கு மாறத் தொடங்கின. 2020-இல் வந்த 1டிஎக்ஸ் மார்க் 3-தான் கேனனின் கடைசி உச்ச ரக டி.எஸ்.எல்.ஆர். டி3500-இன் உற்பத்தியை நிக்கான் நிறுத்திவிட்டது. இதைக் கேட்டுப் பலர் பின்வாங்குகிறார்கள். பின்வாங்கத் தேவையில்லை. தொழில்முறைக் கலைஞர்கள் மிரர்லெஸுக்கு நகர்ந்ததால் நல்ல லென்ஸ்களும் பாடிகளும் செகண்ட் ஹேண்டில் வந்து குவிகின்றன. கேனனின் இ.எஃப். மவுண்ட் 1987-இலும் நிக்கானின் எஃப் மவுண்ட் 1959-இலும் பிறந்தவை. அத்தனை ஆண்டுகளில் உருவான லென்ஸ்களின் சந்தை, குறைந்த பணத்தோடு கற்க வருபவருக்கு இன்று திறந்து கிடக்கிறது.

முதலில் கேனன் 1500டி. பேட்டரியும் கார்டும் சேர்த்து 475 கிராம். பிடி சற்றுச் சிறியது. பெரிய கைக்காரருக்குச் சுண்டுவிரல் வெளியே தொங்கும். பொத்தான்கள் பெரும்பாலும் வலப்பக்கமே இருப்பதால் இரண்டு நாளில் விரல் பழகிவிடும். வைஃபை உண்டு, எடுத்த படத்தை அங்கேயே போனுக்கு மாற்றலாம். வியூ ஃபைண்டர் வழியே பார்த்து எடுக்கும்வரை ஃபோகஸ் நம்பகமாகவே இருக்கிறது. ஒன்பது ஃபோகஸ் புள்ளிகளில் நடுப்புள்ளி மட்டுமே கிடையாகவும் செங்குத்தாகவும் பார்க்கும் கிராஸ் வகை என்பதால், வெளிச்சம் குறைந்த இடத்தில் நடுப்புள்ளியில் ஃபோகஸைப் பிடித்து, ஷட்டர் பொத்தானைப் பாதி அழுத்தியபடியே கேமராவைத் திருப்பிச் சட்டகம் அமைப்பதுதான் வழி. பின்திரையைப் பார்த்து எடுக்கப் போனாலோ ஃபோகஸ் முன்னும் பின்னும் தேடி நேரம் தின்கிறது. ஓடும் குழந்தையை அப்படி எடுக்கவே முடியாது. நொடிக்கு 3 படம் என்ற வேகமும் அலங்காநல்லூர் வாடிவாசலுக்குப் போதாது. காளை திமிறும் கணத்தை 1/1000 நொடி ஷட்டரில் உறைய வைக்கலாம், ஆனால் அந்தக் கணத்தைத் தேர்ந்தெடுப்பது முழுக்க எடுப்பவரின் விரல் வேலை.

இந்தக் கேமராவின் பெரிய குறை விளம்பரத் தாளில் கண்ணுக்குப் படாது. 1500டி, அதைவிட மலிவான 3000டி, 200டி மார்க் 2 மூன்றிலும் மேலே ஃபிளாஷ் செருகும் ஹாட் ஷூவின் நடுவே இருக்க வேண்டிய தொடர்பு முனையைக் கேனன் எடுத்துவிட்டது. கேனனின் சொந்த ஃபிளாஷ்கள் மற்ற முனைகள் வழியே வேலை செய்யும். ஆனால் அந்த ஒற்றை நடுமுனையை மட்டும் நம்பியிருக்கும் மலிவான மேனுவல் ஃபிளாஷ்களும் டிரிக்கர்களும் எரியாது. நம் ஊரில் முதல் கேமரா வாங்கும் இளைஞர்களில் கணிசமானோர், ஓராண்டில் கல்யாண வேலைக்கு உதவியாளராகப் போகலாம் என்ற கனவோடு வாங்குகிறார்கள். அவர்களுக்கு இது சிறிய விஷயம் அல்ல. அண்ணனிடமோ ஊர் ஸ்டூடியோக்காரரிடமோ இரவல் வாங்கும் ஃபிளாஷ், மேடையில் நின்று அழுத்தும்போது எரியாமல் போகும். இத்தனை காலம் பெரும்பாலான கேமராக்களில் இருந்த ஒரு சிறு உலோக முனையை, கற்றுக்கொள்பவர்கள் வாங்கும் மாடலிலிருந்து எடுத்தது சரியல்ல.

நிக்கான் டி3500 இந்த இடத்தில் முந்துகிறது. நடுமுனை அதில் இருக்கிறது. 2018 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்ட இந்தக் கேமரா பேட்டரி, கார்டு சேர்த்து 415 கிராம்தான். எடை குறைந்தும் பிடி ஆழமானது. விரல்கள் உள்ளே மடிந்து உட்கார்கின்றன. ஒரு சார்ஜில் 1550 படங்கள் என்பது சி.ஐ.பி.ஏ. என்ற பொது அளவுமுறைப்படியான எண்ணிக்கை. அதே அளவுமுறையில் 1500டி-க்குச் சுமார் 500, 200டி மார்க் 2-க்கு 1070. திருவிழாவுக்கோ மலையேற்றத்துக்கோ போகிறவர் சார்ஜரை வீட்டிலேயே விட்டுப் போகலாம். நொடிக்கு 5 படம்.

படத்தின் தரத்திலும் வேறுபாடு தெரிகிறது. மாமல்லபுரத்துக் குடைவரை மண்டபம் ஒன்றுக்குள் நின்று, வெளியே வெயில் அடிக்கும்போது உட்புறச் சிற்பத்தை எடுப்பது எந்தக் கேமராவுக்கும் கடினமான தேர்வு. வெளிச்சத்துக்கு ஏற்ப எடுத்தால் சிற்பம் இருளில் மூழ்கும். பதப்படுத்தாத ரா கோப்பாக எடுத்து, கணினியில் அந்த இருளை மேலே தூக்கும்போது டி3500-இன் சென்சார் விவரங்களைச் சுத்தமாக மீட்டுத் தருகிறது. 1500டி-யில் அதே இருளில் புள்ளி புள்ளியாக இரைச்சல் எழும்.

குறை இல்லாமல் இல்லை. வைஃபை கிடையாது, புளூடூத் மட்டும். போனுக்குத் தானாகப் போவது 2 மெகாபிக்சலுக்குச் சுருக்கிய படம். மைக் செருகவும் வயர் ரிமோட் செருகவும் இடமில்லை. கேமராவுக்குள் ஃபோகஸ் மோட்டார் இல்லாததால், பழைய ஏ.எஃப்., ஏ.எஃப்-டி வகை லென்ஸ்களைப் பொருத்தினால் ஃபோகஸைக் கையால்தான் திருப்ப வேண்டும். செகண்ட் ஹேண்டில் 50எம்.எம். எஃப்/1.8டி மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிவிட்டு விழிப்பவர்கள் உண்டு. லென்ஸின் பெயரில் ஏ.எஃப்-எஸ் அல்லது ஏ.எஃப்-பி என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

கேனன் 200டி மார்க் 2, 2019-இல் வந்தது. இதன் பலம் பின்திரை. பக்கவாட்டில் திறந்து திரும்பும் தொடுதிரை, கூடவே டூயல் பிக்சல் ஃபோகஸ். திரையில் முகத்தைத் தொட்டால் ஃபோகஸ் உடனே அங்கே போய் நிற்கிறது. ஆள் நகர்ந்தால் கூடவே நகர்கிறது. கோலத்தைத் தரையளவிலிருந்து எடுக்க மண்டியிட வேண்டியதில்லை, திரையைத் திருப்பினால் போதும். அபெர்ச்சரை மாற்றும்போது பின்புலம் எப்படி மங்கும் என்பதைப் படம் போட்டுக் காட்டும் வழிகாட்டித் திரையும் புதியவருக்கு நல்ல ஆசிரியர். மைக் செருகும் இடம் உண்டு. 4கே வீடியோ என்று பெட்டியில் போட்டிருந்தாலும் அந்த மோடில் காட்சி இன்னும் நறுக்கப்பட்டு நெருங்கிவிடும், டூயல் பிக்சல் ஃபோகஸும் வேலை செய்யாது. வீடியோ எடுப்பவர் இதில் முழு எச்.டி.-யோடு நிற்பதே நல்லது.

இன்னும் மலிவு என்று கடைக்காரர் நீட்டும் 3000டி வேண்டாம். 18 மெகாபிக்சல் என்பதற்காக அல்ல. லென்ஸ் மாட்டும் வளையமே பிளாஸ்டிக், திரை 2.7 அங்குலம், கண்பார்வைக்கு ஏற்ப வியூ ஃபைண்டரைத் திருத்தும் சக்கரமும் இல்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு எடுப்பவருக்கு அந்தச் சக்கரம் கட்டாயம் தேவை.

பாடிகளைப் பற்றி இவ்வளவு போதும். பணம் போக வேண்டிய இடம் லென்ஸ்.

மூன்று கேமராவோடும் வருவது 18-55 கிட் லென்ஸ். பகல் வெளிச்சத்தில் அதில் பெரிய குறை சொல்ல முடியாது. சிக்கல் கல்யாண மண்டபத்துக்குள் தொடங்குகிறது. 55-க்கு ஸும் செய்தால் அதன் அபெர்ச்சர் அதிகபட்சம் எஃப்/5.6 வரைதான் திறக்கும். மாலை வரவேற்பில் ஐ.எஸ்.ஓ. 3200 வைத்தும் ஷட்டர் 1/60 நொடிக்கு மேல் ஏறாத நிலை வரும். சிரிக்கும் முகம் அசைந்து கலங்கிவிடும். அதே இடத்தில் எஃப்/1.8 லென்ஸ் ஒன்பது மடங்குக்கும் அதிகமான ஒளியை உள்ளே விடுகிறது. ஷட்டர் 1/500 நொடிக்கு ஏறும், அல்லது 1/125-இல் நிறுத்தி ஐ.எஸ்.ஓ.-வை 800-க்குக் கீழேயே இறக்கிக்கொள்ளலாம். எந்தப் புதிய பாடியும் இந்த வித்தியாசத்தைத் தராது.

கேனனில் அதற்கு 2015-இல் வந்த 50எம்.எம். எஃப்/1.8 எஸ்.டி.எம். இருக்கிறது. 160 கிராம் எடை, ஏறக்குறைய பத்தாயிரம் ரூபாய். இந்தக் கேமராக்களின் சிறிய சென்சாரில் அது 80எம்.எம். போலத் தெரியும் என்பதால் முகப்படத்துக்கு அருமை, சின்ன அறையில் குடும்பமாக நிற்பவர்களை எடுக்க இடம் போதாது. நிக்கானில் 35எம்.எம். எஃப்/1.8ஜி டி.எக்ஸ். கண் பார்க்கும் அகலத்துக்கு நெருக்கமாக நிற்கிறது. தெரு, வீடு, சமையலறை, பேருந்து நிலையம் என்று ஒரே லென்ஸோடு சுற்ற அதுவே பொருத்தம். இரண்டிலும் ஸும் கிடையாது. நெருங்க வேண்டுமானால் நடக்க வேண்டும். சட்டகத்தை யோசித்து அமைக்கும் பழக்கம் அந்த நடையில்தான் வருகிறது.

வேடந்தாங்கல் போகிறவருக்கு இது எதுவும் உதவாது. ஏரிக்குள் மரங்களில் உட்கார்ந்திருக்கும் நாரைக்குக் கேனனில் 55-250 எஸ்.டி.எம்., நிக்கானில் 70-300 ஏ.எஃப்-பி வேண்டும். நிக்கானின் இந்த லென்ஸ் இரண்டு விதமாக வருகிறது: வி.ஆர். என்ற அதிர்வு தடுப்பு உள்ளது, இல்லாதது. இரண்டு லென்ஸ் சேர்ந்த சலுகைப் பெட்டியில் எது இருக்கிறது என்று பிரித்துப் பார்த்தே பணம் கொடுக்க வேண்டும். 300-இல் கை நடுக்கம் அப்படியே படத்தில் ஏறும்.

செகண்ட் ஹேண்ட் வாங்குபவர் அரை மணி நேரம் ஒதுக்கினால் ஏமாறாமல் தப்பலாம். டி3500-இன் ஷட்டர் ஒரு லட்சம் அழுத்தல்களுக்குச் சோதிக்கப்பட்டது. எடுத்த படக் கோப்பின் தகவலிலேயே இதுவரை எத்தனை முறை அழுத்தப்பட்டது என்பது இருக்கும். கேனனின் தொடக்க நிலைக் கேமராக்கள் அதைக் கோப்பில் எழுதுவதில்லை. அங்கே பிடியின் ரப்பர் தேய்மானத்தையும் பொத்தான்களின் வழவழப்பையும் பார்த்துத்தான் கணிக்க வேண்டும். எஃப்/16 வைத்து வெள்ளைச் சுவரையோ வானத்தையோ எடுத்தால் சென்சாரில் ஒட்டிய தூசி கரும்புள்ளிகளாக வந்துவிடும். வியூ ஃபைண்டரில் தெரியும் தூசி படத்தில் விழாது, அதற்காக நல்ல கேமராவை விடவேண்டாம்.

லென்ஸைக் கழற்றி, போன் டார்ச்சை ஒரு பக்கம் பிடித்து மறுபக்கம் பாருங்கள். சிலந்தி நூல் போலப் படர்ந்திருந்தால் அது ஃபங்கஸ். சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஈரத்தில் பையிலேயே கிடக்கும் லென்ஸுக்கு இது வந்தே தீரும். இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல், சின்ன ஈரப்பதமானி வாங்கி, ஈரப்பதத்தை 40-லிருந்து 50 விழுக்காட்டுக்குள் வைத்தால் போதும்.

மிரர்லெஸே வாங்கிவிடலாமா? மார்கழிக் கச்சேரி எடுக்க ஆசைப்படுபவர் என்றால் ஆம். ஆலாபனைக்கு நடுவே டி.எஸ்.எல்.ஆரின் கண்ணாடி எழும்பி விழும் ஓசை முன்வரிசையைத் திரும்ப வைக்கும். டி3500-இல் உள்ள அமைதி மோடு அந்த ஓசையைத் தள்ளிப்போடுமே தவிர அடக்காது. கேனன் ஆர்50 போன்றவை சத்தமே இல்லாமல் எடுக்கும். வீடியோவே முதல் நோக்கம் என்றாலும் அப்படியே. ஆனால் அந்த மவுண்டின் லென்ஸ்கள் செகண்ட் ஹேண்டில் இன்னும் இந்த அளவுக்கு மலியவில்லை, பேட்டரியும் சில நூறு படங்களில் சார்ஜ் கேட்கும். கையில் இருக்கும் தொகை பாடியோடு தீர்ந்துபோகும் என்றால் அது தவறான பேரம். டி.எஸ்.எல்.ஆருக்கு வாங்கிய இ.எஃப். லென்ஸ்கள் பின்னாளில் அடாப்டர் வழியே ஆர்.எஃப். பாடியிலும் ஓடும். நிக்கானின் ஏ.எஃப்-எஸ் லென்ஸ்களுக்கும் அதே வழி உண்டு. இன்று லென்ஸில் போட்ட பணம் வீணாகாது.

முடிவு இதுதான். புகைப்படம் கற்க வருபவருக்கு, நல்ல நிலையில் உள்ள செகண்ட் ஹேண்ட் டி3500-உம் 35எம்.எம். எஃப்/1.8-உம். வாரண்டியோடு புதியதுதான் வேண்டும் என்பவருக்கு 1500டி-யும் 50எம்.எம்.-உம். குழந்தைகளையும் குடும்ப வீடியோவையும் சேர்த்து எடுப்பவருக்கு 200டி மார்க் 2. வீட்டிலோ நண்பர்களிடமோ ஏற்கெனவே ஒரு நிறுவனத்தின் லென்ஸ்கள் இருந்தால் இந்த வரிசையை மறந்துவிட்டு அதே நிறுவனத்தின் பாடியை வாங்குங்கள். இரவல் கிடைக்கும் ஒரு நல்ல லென்ஸ், மாடல்களுக்கு இடையிலான எல்லா வித்தியாசத்தையும்விடப் பெரியது. கடைக்குப் போகும்போது சொந்த மெமரி கார்டைக் கையோடு கொண்டுபோங்கள், ஃபிளாஷ் இருந்தால் அதையும். அங்கேயே சில படம் எடுத்து, வீட்டுக்கு வந்து பெரிய திரையில் பார்த்த பிறகு பணத்தைக் கட்டுங்கள்.