‘நகர மையம் மக்களுக்கானது’: ஜேன் ஜேக்கப்ஸின் கட்டுரை குறித்து ஒரு விமர்சனம்

அமெரிக்க வணிக இதழான ‘ஃபார்ச்சூன்’ 1958 ஏப்ரலில் ஜேன் ஜேக்கப்ஸ் எழுதிய ஒரு கட்டுரையை வெளியிட்டது. அதன் தலைப்பைத் தமிழில் ‘நகர மையம் மக்களுக்கானது’ எனலாம். 1961இல் வந்த ‘அமெரிக்கப் பெருநகரங்களின் மரணமும் வாழ்வும்’ என்ற அவருடைய புகழ்பெற்ற நூலுக்கு இதுவே விதை. மாணவர்கள் பெரும்பாலும் நூலோடு நின்றுவிடுகிறார்கள். கட்டுரையையும் படிக்க வேண்டும். ஜேக்கப்ஸின் பலமும், அவருடைய பார்வை எட்டாத இடமும் அதில் இன்னும் வெளிப்படையாகத் தெரிகின்றன.

1949ஆம் ஆண்டின் வீட்டுவசதிச் சட்டப்படி, ‘சேரி’ என்று அறிவிக்கப்பட்ட பகுதிகளை நகராட்சிகள் கையகப்படுத்தி, இடித்து, தனியாருக்கு விற்கலாம். அதில் ஏற்படும் நட்டத்தில் மூன்றில் இரண்டு பங்கை மத்திய அரசு ஏற்கும். இந்தப் பணம் கிடைத்ததும் நகரத்துக்கு நகரம் வரைபடங்கள் பிறந்தன. எல்லாவற்றிலும் ஒரே காட்சி: உயரமான கட்டடங்கள், இடையில் புல்வெளி, பூங்கா போன்ற அமைதி. கூட்டமும் இரைச்சலும் நோய் என்று வரைபடக்காரர்கள் நினைத்தார்கள். அவையே நகர மையத்தின் உயிர் என்றார் ஜேக்கப்ஸ். அவர் அப்போது ‘ஆர்க்கிடெக்சுரல் ஃபோரம்’ இதழில் பணியாற்றிக்கொண்டிருந்தார். கட்டடக்கலையிலோ நகரமைப்பிலோ அவருக்குப் பட்டம் கிடையாது. வரைவதற்கு முன் தெருவில் நடந்து பாருங்கள் என்பதுதான் அவர் சொன்ன முறை.

கட்டுரையின் சிறந்த பகுதிகள் இந்த நடையில் கிடைத்தவை. சான் பிரான்சிஸ்கோவின் மெய்டன் லேன், கடைகளின் பின்புறச் சந்தாக இருந்த குறுகிய தெரு. அதை யாரும் இடிக்கவில்லை. இருந்த சாதாரணக் கட்டடங்களையும் சில மரங்களையும் வைத்துக்கொண்டே வியாபாரிகள் அதை மக்கள் விரும்பி வரும் இடமாக்கினார்கள். ஃபோர்ட் வொர்த் நகருக்கு விக்டர் க்ரூயன் 1956இல் தந்த திட்டத்தையும் ஜேக்கப்ஸ் பாராட்டுகிறார். ஆனால் காரணம் வேறு. கார்களை வெளியே நிறுத்துவது அதன் சாரமல்ல, தெருவை இன்னும் நெருக்கமாகவும் விறுவிறுப்பாகவும் ஆக்குவதே சாரம். அதைப் பின்பற்ற நினைக்கும் நகரங்கள் காரை நீக்குவதை மட்டும் பார்த்து, இந்தச் சாரத்தைக் கவனிக்கத் தவறுகின்றன என்கிறார். ஒரு திட்டத்தை அதன் நகல்களிலிருந்து இப்படிப் பிரித்துப் பார்க்கும் விமர்சகர்கள் அரிது.

நியூயார்க்கின் லிங்கன் சென்டர் பற்றிய பத்தியில்தான் சிக்கல். இசை, நடன அரங்குகளைக் கொண்ட இந்த வளாகத்துக்குச் சுற்றியுள்ள தெருக்கள் துணைநிற்காது என்று அவர் வாதிடுகிறார். கிழக்கே சரக்கு லாரிகள் ஓடும் சாலை; அங்கே பேசுவதற்கே கத்த வேண்டியிருக்கும். வாதம் சரியானதே. ஆனால் அந்த வளாகத்துக்காக அழிக்கப்பட்ட சான் வான் ஹில் என்ற குடியிருப்பு பத்தியில் இல்லை. அங்கிருந்து வெளியேற்றப்பட்ட சுமார் 7,000 குடும்பங்களில் பலர் கறுப்பினத்தவரும் போர்ட்டோ ரிக்கர்களும் ஏழைகளும். அவர்கள் மௌனமாகப் போகவில்லை. ஊர்வலம் போனார்கள், நீதிமன்றம் ஏறினார்கள், தோற்றார்கள். தெருவின் பேச்சைக் கேட்கச் சொன்ன கட்டுரை, அந்த நேரத்தில் நடந்துகொண்டிருந்த மிகப் பெரிய தெருப்பேச்சைக் கேட்கவில்லை.

இதை அவர் வாழ்ந்த கிரீன்விச் வில்லேஜோடு ஒப்பிட வேண்டும். வாஷிங்டன் சதுக்கப் பூங்காவின் ஊடே சாலை போட ராபர்ட் மோசஸ் முயன்றபோது, ஷெர்லி ஹேய்ஸ் 1952இல் தொடங்கிய எதிர்ப்பில் ஜேக்கப்ஸும் சேர்ந்தார். சாலை வரவில்லை. (இந்த வெற்றியை முழுக்க ஜேக்கப்ஸின் கணக்கில் எழுதும் வழக்கம் ஹேய்ஸுக்குச் செய்யும் அநீதி.) 1961இல் வெஸ்ட் வில்லேஜையே இடிப்புப் பட்டியலில் சேர்க்கப் பார்த்தார்கள், அடுத்த ஆண்டே நகராட்சி பின்வாங்கியது. இரண்டு இடங்களிலும் மக்கள் பேசினார்கள். ஓரிடத்தில் எழுத்தாளர்களும், பத்திரிகைத் தொடர்பு உள்ளவர்களும் இருந்தார்கள். அந்தப் பேச்சு எட்ட வேண்டியவர்களுக்கு எட்டியது.

1961 நூலில் ஜேக்கப்ஸ் ஒரு படி முன்னேறியிருக்கிறார். கிழக்கு ஹார்லெமின் அரசுக் குடியிருப்பில் ஒரு புல்வெளியை மக்கள் வெறுத்த கதையை அங்கே சொல்கிறார். தங்கள் வீடுகளை இடித்தபோது எங்களுக்கு என்ன வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை என்பதே அவர்களின் கோபம். அதைப் புல்வெளியின் மேல் இறக்கினார்கள். நகரமைப்பு பற்றிய எழுத்தில் இதைவிடக் கூர்மையான இடத்தைக் காட்டுவது கடினம். ஒரு தெரு வெற்றி பெற்றால் அந்த வெற்றியே வாடகையை உயர்த்திப் பலரைத் துரத்தும் என்பதையும் ஓர் இயலில் எச்சரிக்கிறார். ஆனால் பரிகாரம் என்று வரும்போது குறுகிய தெருத்தொகுதிகள், பழைய கட்டடங்கள், கலந்த பயன்பாடு, மக்கள் நெருக்கம் என்று மறுபடியும் கட்டுமானத்துக்கே திரும்புகிறார். அவர் காப்பாற்றிய வெஸ்ட் வில்லேஜ் இன்று மன்ஹாட்டனின் மிக விலையுயர்ந்த பகுதிகளில் ஒன்று. கட்டடங்கள் நிற்கின்றன. அங்கிருந்த துறைமுகத் தொழிலாளர்கள் இல்லை.

சமூகவியலாளர் ஹெர்பர்ட் கான்ஸ் 1962இலேயே இதைச் சுட்டினார்: பாஸ்டனின் நார்த் எண்டில் தெரு கலகலப்பாக இருப்பதற்குத் தெருவின் வடிவம் மட்டுமல்ல, அங்கு வாழும் உழைக்கும் மக்களின் பண்பாடும் காரணம். அதே ஆண்டு வெளிவந்த அவருடைய ‘நகர்ப்புறக் கிராமத்தார்’ என்ற நூல், இடித்துத் தள்ளப்பட்ட பாஸ்டன் வெஸ்ட் எண்ட் பகுதியில் குடியிருந்து எழுதப்பட்டது. ஜேக்கப்ஸின் கட்டுரையைப் பாடமாக வைக்கும் ஆசிரியர்கள் அதையும் பக்கத்தில் வைக்கலாம்.