ஏழாம் வேற்றுமை

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளுக்கு இடது கையில் கிளி. மதுரை மீனாட்சிக்கு வலது கையில் கிளி. நம் ஊர்ப் பாட்டிகளுக்கு இது போதும், காலண்டர் படத்தை எட்ட நின்று பார்த்தே யார் என்று சொல்லிவிடுவார்கள். லட்சக்கணக்கான படங்களில் தேடித் தரும் கம்ப்யூட்டருக்கு இது போதாது. 'அம்மன் இருக்கா? இருக்கு. கிளி இருக்கா? இருக்கு.' அதோடு அதற்குத் திருப்தி. எந்தக் கை என்பது அதைப் பொறுத்தவரை உபரித் தகவல்.

கருடன் விஷயமும் அப்படித்தான். பெருமாள் கோயில்களில் கருடன் பொதுவாக சன்னதிக்கு எதிரே கைகூப்பி நிற்பார். ஸ்ரீவில்லிபுத்தூரில் ரங்கமன்னார், ஆண்டாளுக்குச் சமமாகப் பக்கத்திலேயே நிற்கிறார். மாப்பிள்ளையைக் கல்யாணத்துக்குச் சீக்கிரம் கொண்டுவந்து சேர்த்த மரியாதை என்பது ஐதீகம். 'பெருமாள், தாயார், கருடன்' என்று தேடினால் ஏகப்பட்ட கோயில்கள் வரும். 'கருடன் எதிரில் இல்லை, பக்கத்தில்' என்று தேட முடிந்தால்தான் இந்த ஊர் வரும்.

படத்தில் என்னென்ன இருக்கிறது என்பது பாதிச் செய்தி. எது எங்கே இருக்கிறது என்பது மீதி.

இது கம்ப்யூட்டர்காரர்களுக்குத் தெரியாததல்ல. 1987-லேயே எஸ்.கே.சாங் என்பவரும் சகாக்களும் '2-டி ஸ்ட்ரிங்' என்று ஒரு உபாயம் சொன்னார்கள். படத்தில் உள்ள பொருட்களை இடமிருந்து வலமாக ஒரு வரி, கீழிருந்து மேலாக ஒரு வரி எழுதி வைத்துக்கொள்வது. 'மரத்துக்கு இடப்பக்கம் தேர்' என்று கேட்டால் எழுத்துக்களை ஒப்பிட்டுப் படத்தை எடுத்துவிடலாம். எளிமையான யோசனை. ஆனால், 'இது தேர், இது மரம்' என்று முதலில் யாராவது அடையாளம் சொல்லவேண்டும். முன்னால், பின்னால் என்கிற ஆழமும் அந்த இரண்டு வரிகளில் அடங்காது.

பிறகு வந்தது வெள்ளம். 2021-ல் ஓப்பன்ஏஐ வெளியிட்ட 'க்ளிப்' மாடல், இணையத்திலிருந்து திரட்டிய 40 கோடி படங்களையும் அவற்றோடு இருந்த வாசகங்களையும் சேர்த்துப் படித்தது. அடையாளம் சொல்ல ஆள் வேண்டாம். ராஜபாளையம் நாயைக் காட்டினால், அந்த வெள்ளை உடம்பையும் ரோஸ் மூக்கையும் வைத்து நாய் என்று கண்டுபிடிப்பதில் இந்த வகை மாடல்களுக்குக் கஷ்டமே இல்லை. 'கட்டிலுக்கு அடியில் நாய்' என்று கேளுங்கள், தடுமாற்றம் ஆரம்பம். கட்டில் மேல் சொகுசாகப் படுத்திருக்கும் நாயும் வந்து நிற்கும்.

2023-ல் ஒரு ஆராய்ச்சிக் குழு இதையே பரீட்சையாக வைத்தது. மேஜை மேல், மேஜைக்கு அடியில், இடப்பக்கம், வலப்பக்கம். இவ்வளவுதான் கேள்வி. பதினெட்டு மாடல்கள் எழுதின. வேறு பரீட்சைகளில் மனிதனுக்கு ஈடுகொடுத்த ஒரு மாடல் இதில் வாங்கியது 56 சதவிகிதம். மனிதர்கள் 99. பின்னால் வந்த பெரிய மாடல்கள் கொஞ்சம் தேறியிருக்கின்றன. இடம் வலக் குழப்பம் மட்டும் முழுசாகத் தீர்ந்தபாடில்லை.

காரணம், பாதி நாம்தான். போட்டோவுக்குக் கீழே 'எங்கள் நாய்' என்று எழுதுவோமே தவிர, 'கட்டிலுக்கு அடியில் எங்கள் நாய்' என்று யார் எழுதுகிறார்கள்? பார்த்தாலே தெரிகிறதே! எழுதாததை மெஷின் எங்கே போய்ப் படிக்கும்? இன்னொரு காரணம் வேடிக்கையானது. இருக்கிற படத்தையே கண்ணாடி பிம்பம்போல் திருப்பி, இன்னொரு படமாகக் கணக்கு வைத்துச் சொல்லிக் கொடுப்பது இந்தத் துறையில் நெடுநாள் பழக்கம். பூனையைத் திருப்பினாலும் பூனைதான். ஆண்டாளைத் திருப்பினால் கிளி கை மாறிவிடுகிறது. அர்த்தநாரீஸ்வரரைத் திருப்பினால் பார்வதி வலப்பக்கம் போய்விடுவார்.

போதாததற்கு, யாருடைய இடது? எதிரே நின்று சேவிக்கும் நமக்கு ஆண்டாளின் இடது கை வலப்பக்கம் தெரியும். பாட்டி மனசுக்குள் அந்தப் பக்கம் போய் நின்று பார்க்கிறாள். மெஷினுக்கு அந்த இடம் மாறல் சுலபமாக வருவதில்லை.

'சரி சார், இதனால் யாருக்கு என்ன நஷ்டம்?' என்று கேட்பீர்கள். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தானிலிருந்து திருட்டுப் போன நடராஜரை ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடம் 2008-ல் விலைக்கு வாங்கியது. அது நம்முடையதுதான் என்று நிரூபிக்க உதவியது புதுச்சேரி பிரெஞ்சு இன்ஸ்டிட்யூட் எடுத்து வைத்திருந்த பழைய போட்டோ. 2014-ல் நடராஜர் திரும்பி வந்தார். அந்த இன்ஸ்டிட்யூட்டில் மட்டும் ஒரு லட்சத்துக்கு மேல் போட்டோக்கள் இருக்கின்றன. அடுத்த சிலை எங்கோ ஏலத்துக்கு வரும்போது, 'இந்தக் கையில் இது, இந்தக் காலருகே இது' என்று தேடத் தெரிந்த மெஷின் இருந்தால் வேலை வருடங்களிலிருந்து நிமிஷங்களுக்கு இறங்கும். வெறுமனே 'நடராஜர்' என்று தேடினால் நாட்டில் உள்ள அத்தனை நடராஜரும் வரிசையில் வருவார்கள்.

புதிய மாடலுக்குக் காத்திராமல் இன்றே செய்யக்கூடியது ஒன்று உண்டு. கோயில் போட்டோக்களை டிஜிட்டல் ஆக்குகிறவர்கள் குறிப்பில் ஊர், சாமி பெயரோடு நிறுத்தாமல், 'அம்மனின் இடது கையில் கிளி' என்று ஒரு வரி கூடுதலாக எழுதலாம். யாருடைய இடது என்பதோடு.

இடத்தைச் சொல்வதற்கென்றே தமிழில் ஏழாம் வேற்றுமை இருக்கிறது. அதன் உருபு, 'கண்'.