மேத்யூ ஹென்றியின் விவிலிய உரையும் மொன்றியல் தமிழ் வாசகரும்

மேத்யூ ஹென்றி 1704இல் எழுதத் தொடங்கிய விவிலிய உரை, செஸ்டர் நகரில் அவர் ஆற்றிவந்த விளக்கப் பிரசங்கங்களில் வேர்கொண்டது. 1714இல் அவர் மறைந்தபோது அப்போஸ்தலர் நடபடிகள் வரையே முடிந்திருந்தது; எஞ்சியதைப் பிற போதகர்கள் நிறைவுசெய்தனர். திருவரங்கத்தில் நம்பிள்ளை உரைத்ததை வடக்குத் திருவீதிப் பிள்ளை ஏடுபடுத்திய ஈட்டைப் போல, இதிலும் பேச்சின் சூடு ஆறவில்லை. எளிய வாசகரை அது ஈர்த்தமைக்கு இதுவே காரணம் எனலாம்.

ஆயினும் ஹென்றி சொற்பொருளில் நெடிது நிற்பதில்லை. மூலத்தின் ஆங்கிலம் தம் வாசகர்க்குப் பழகிய மொழி எனக் கொண்டு, வசனம் வாழ்வுக்கு உரைப்பது யாது என்பதற்கு விரைகிறார். 1977ஆம் ஆண்டுப் பிரெஞ்சு மொழிச் சாசனத்தின்கீழ்ப் பெரும்பாலும் பிரெஞ்சு வழியிலேயே பயிலும் மொன்றியல் தமிழ் இளையோர்க்கு இக்கொள்கை பொருந்தாது. 1871இல் வெளிவந்த தமிழ் விவிலியத்தில் ‘ஆக்கினைத்தீர்ப்பு’ என்னும் ஒரு சொல்லே அவர்களைத் தடுத்து நிறுத்தப் போதும். ஹென்றியை அப்படியே மொழிபெயர்த்து அளிப்பது, படியில்லா மாடியைக் காட்டுவதாகும். தமிழ் உரைமரபின் பதவுரையே முதல் தேவை; ஹென்றி வழி விளக்கம் அதன்பின் அமையலாம். பதவுரையைப் பள்ளிக்கூடப் பணி எனத் தள்ளினால், அவ்வாசகர் பிரெஞ்சு விவிலியத்திற்கே சென்றுவிடுவார்.