கரப்புடுப்பும் கமராவும்

துணியையும் வீடியோவையும் ஊடகமாகக் கொண்ட இன்றைய கலை, தனக்கு வேண்டிய பொருளைப் பெரும்பாலும் மக்களிடையே வழங்கும் பண்பாட்டிலிருந்தே பெறுகின்றது. அவ்வாறு பெறுதல் எப்போது படைப்பாகின்றது, எப்போது பறிப்பாகின்றது என்பதே திறனாய்வின் முன்னுள்ள வினா.

அமெரிக்கக் கலைஞர் டாரா பேர்ன்பாம் 1978-79இல், ‘வொண்டர் வுமன்’ என்னும் தொலைக்காட்சித் தொடரின் காட்சிகளை வெட்டி ஒட்டி வீடியோப் படைப்பொன்றை ஆக்கினார். சாதாரணப் பெண் சுழன்று வீராங்கனையாகும் கணம் அதில் மீளமீள வருகின்றது. அம்மாற்றத்தின் போலித்தன்மை அதனாலேயே புலனாகின்றது. கறுப்பினக் கலைஞரான ஃபெய்த் றிங்கோல்ட், விளம்பரங்களில் பணிவான சமையற்காரியாகக் காட்டப்பட்ட ஆன்ட் ஜெமைமாவை, 1983இல் தாம் தைத்த ஒட்டுத்துணிப் போர்வையில் சொந்தத் தொழில் நடத்தும் பெண்ணாக்கினார். இருவரும் எவரிடமும் அனுமதி வேண்டவில்லை, வேண்டியதுமில்லை. ஏனெனில், அவர்கள் எடுத்தவை மக்கள் ஆக்கியவை அல்ல, மக்களுக்கு விற்கப்பட்டவை.

மட்டக்களப்பு வாவியை அண்டிய ஊர்களின் நிலை வேறு. வடமோடிக் கூத்தில் அரசர் முதலிய பாத்திரங்கள் அணியும் கரப்புடுப்பு கடையில் விற்கும் பண்டம் அன்று. சட்டம் கொடுத்தல் தொடங்கிச் சதங்கை அணிவிழா, அடுக்குப் பார்த்தல் எனப் பல நாள் நீளும் பயிற்சி முதிர்ந்தபின், அரங்கேற்ற இரவிலேயே முழு ஒப்பனை உடலேறுகின்றது. அவ்வகையில் அது ஊரவரின் கூட்டுழைப்புக் கனிந்ததன் அடையாளமாகும். மேலும், வட்டக்களரியைச் சுற்றி நாற்புறமும் மக்கள் அமர்ந்திருக்க, ஆடுவோன் சுழலும்போதே அவ்வுடை உயிர்பெறுகின்றது. கண்ணாடிப் பேழையில் அது வெறுந்துணி. ஒரு திசையில் நின்று நோக்கும் கமராவில் அரைக்காட்சி.

அவ்வாறாயின் மரபை மாற்றவே கூடாதா? அன்று. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962இல் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் தயாரித்த ‘கர்ணன் போர்’, விடியும்வரை ஆடப்பட்ட கூத்தைச் சுருக்கிப் படச்சட்ட மேடைக்குக் கொண்டுவந்தது. கற்றோரிடையே கூத்துக்கு மதிப்பை ஈட்டித் தந்த பெருமை அம்முயற்சிக்குண்டு. ஆயினும் சூழ்ந்திருந்த அவை எதிரிருக்கும் அவையாயிற்று. 2000ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் சீலாமுனையில் சி. ஜெயசங்கர் முதலியோர் ஊரவருடன் இணைந்து முன்னெடுத்த கூத்து மீளுருவாக்கம் பிறிதொரு வழியைக் காட்டிற்று. கூத்தில் பெண்ணும் சாதியும் சித்திரிக்கப்படும் முறையை ஆடுவோரே வினவினர்; மாற்றத்தை முடிவுசெய்யும் உரிமை அவர்களிடமே இருந்தது.

இங்குதான் உரைகல் கிடைக்கின்றது. வலியோன் விற்ற உருவைக் கலைஞன் சிதைத்தல் எதிர்ப்பாகும். எளியோர் ஆக்கிய உருவை அவர் சொல் கேளாது சிதைத்தல் அப்பறிப்பின் தொடர்ச்சியே. நாற்புறமும் திரைகளை அமைத்து வட்டக்களரியை வீடியோவில் மீட்க முயலும் கலைஞன் வடிவச் சிக்கலையே தீர்த்தவனாவான். எஞ்சிய பாதியை அவன் அண்ணாவியாரோடும் ஊரவரோடும் களரியில் இருந்தே தீர்த்தல் வேண்டும்.